விழுந்த பைக்கைத் தனியே தூக்குவீர்களா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நெடும்பயணத்துக்கான பெரிய பைக்குகளைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள். அவற்றில் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அக்கா, எனக்கு 34 வயது. பன்னிரண்டு வருடமாக 150 சிசி பைக்கில்தான் கந்தோருக்குப் போய் வருகிறேன். இப்போது கையில் காசு சேர்ந்திருக்கிறது. ஹொண்டா ஆப்பிரிக்கா ட்வினா, பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸா என்று இரண்டு மாதமாக மண்டை காய்கிறது. மாதம் ஒரு தடவை மலைநாட்டுப் பக்கம், வருடத்தில் ஒரு தடவை யாழ்ப்பாணம். கிரவல் வீதியில் ஓடவும் ஆசை. உயரம் 5 அடி 6 அங்குலம். எதை எடுக்கலாம்? – வாசகர், வெள்ளவத்தை

தம்பி, இரண்டுமே அருமையான பைக். ஆனால் எதை எடுப்பது என்பதற்கு முன்னால் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆப்பிரிக்கா ட்வின் 1100 பெற்றோல் நிரம்பிய நிலையில் 226 கிலோ. 1250 ஜிஎஸ் 249 கிலோ. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டி, உடுப்பு, மழைக்கோட்டு, ஸ்பானர்கள், காற்றுப் பம்ப் எல்லாம் ஏற்றினால் 280 கிலோ பக்கம் போய்விடும். அது கிரவலில் சரிந்து கிடக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை, மழை இருட்டிக்கொண்டு வருகிறது. தனியே தூக்குவீர்களா?

நான் தூக்கவில்லை. என்னுடையது சுசுகி வி-ஸ்ட்ரோம் 650, எடை 216 கிலோ. அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து வீதியில் ஏறிக்கொண்டிருந்தேன். வேகம் பத்துக் கிலோமீற்றர்கூட இருக்காது. ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் எதிரே கொழுந்து லொறி வந்தது. நிறுத்தினேன், இடது காலை ஊன்றினேன். அந்தப் பக்கம் வீதி சரிவாக இருந்தது. கால் தரையைத் தேடிப் போனது, தரை கிடைக்கவில்லை. அவ்வளவுதான், பைக்கும் நானும் கானுக்குள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். நான் எழும்பியதும் பைக்கைத்தான் தடவிப் பார்த்தேன். அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்து, “அக்கா, மொதல்ல நீங்க ஒக்காருங்க. வண்டி எங்கயும் ஓடிராது” என்றார். லொறிக்காரரும் இறங்கி வந்து, ஐந்து பேராகத்தான் அதை நிமிர்த்தினோம். கிளட்ச் லீவர் நுனி உடைந்திருந்தது. மிச்ச வழியெல்லாம் பாதி லீவரோடு இரண்டு விரலால் ஓட்டி வந்தேன்.

அன்றைக்கு விளங்கியது இதுதான். பெரிய பைக் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை. நிற்கும்போதும் திரும்பும்போதும், கால் எட்டாத இடத்தில்தான் விழுகிறது. என் பைக்கின் சீட் உயரம் 835 மில்லிமீற்றர். நான் 5 அடி 3. கடையின் மட்டமான தரையில் நுனிக்கால் இரண்டும் பட்டதும் போதும் என்று நினைத்துவிட்டேன். தோட்டத்து வீதி மட்டமாக இருப்பதில்லை. ஆகவே, பைக் பார்க்கப் போகும்போது ஒரு பக்கம் வீதியோரச் சரிவு வருகிற மாதிரி பைக்கை நிறுத்தச் சொல்லி ஏறிப் பாருங்கள். சப்பாத்தோடு பாருங்கள்.

இந்த வகைப் பைக் எதற்காகப் பிறந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். பிஎம்டபிள்யூ 1980இல் ஆர் 80 ஜி/எஸ் என்ற பைக்கைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே அந்த இனம் பாரிஸ்–டக்கார் ஓட்டத்தை வென்றது. 1988இல் வந்த முதல் ஆப்பிரிக்கா ட்வினும் அதே பாலைவன ஓட்டத்தில் ஹொண்டா பெற்ற வெற்றிகளின் பிள்ளைதான். நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குப் பெற்றோல் கிடைக்காத வெளிக்காக வந்த பெரிய டாங்கி, பெரிய எஞ்சின். நம்முடைய தீவு நெட்டுக்கு 432 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நம் பாதை ஏ1, ஏ9, ஏ4, அதற்குள்ளே பஸ், ஓட்டோ, மாடு, பள்ளிக்கூடம். 1250 ஜிஎஸ்ஸின் 136 குதிரைவலுவை எங்கே அவிழ்த்துவிடப் போகிறீர்கள்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 200 கிலோவைச் சுற்றித் தேடுவேன். ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 என்றால் 196 கிலோ, 40 குதிரைவலு. மலையேற அது தாராளம். ஹொண்டா என்எக்ஸ் 500உம் 196 கிலோதான், தார் வீதியில் அதைவிட மெத்தென்று ஓடும். யமஹா டெனரே 700 கிரவலுக்கு இவற்றில் மிகச் சிறந்தது என்பேன், ஆனால் சீட் 875 மில்லிமீற்றர், உங்களுக்கு உயரம். எது கைக்கு எட்டுகிறது என்பது இறக்குமதியையும் விலையையும் பொறுத்தது.

ஜிஎஸ்ஸுக்காக ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். அதன் எஞ்சின் தாழ்வாக, இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டு இருப்பதால் ஓடத் தொடங்கினால் எடை தெரியாது. விழுந்தாலும் சிலிண்டர் முட்டுக்கொடுத்து முழுதாகப் படுக்காது, தூக்க அது ஒரு உதவி. இரண்டில் ஒன்றுதான் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், இரண்டையும் ஒரு மணி நேரம் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பம்பலப்பிட்டி சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி ஊதுகிற சூடு முழங்காலுக்குத்தான் வரும். கிழமை நாட்களில் பெட்டிகளைக் கழற்றி வீட்டில் வையுங்கள். அவற்றோடு ஓட்டோக்களுக்கு நடுவே போக முடியாது.

வெள்ளவத்தை என்றபடியால் இன்னொன்று. மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தினால் உப்புக்காற்று கம்பிகளையும் நட்டுகளையும் ஆறே மாதத்தில் தின்னத் தொடங்கும். கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, பத்து நிமிடம் ஓட்டி உலர்த்திவிட்டுத்தான் மூடுங்கள். ஈரத்தோடு உறை போட்டால் உப்பையும் சேர்த்து மூடி வைத்த மாதிரி ஆகிவிடும்.

கிரவல் வீதியில் முன் சக்கரம் தன்பாட்டில் அலைகிறது. பிரேக் பிடிக்கவே பயமாக இருக்கிறது. எப்படிப் பழகுவது? – வாசகர், வவுனியா

முன் சக்கரம் அலையத்தான் வேண்டும். அதை முதலில் மனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் கிரவல் வீதி என்பது இறுகிய செம்மண், அதற்கு மேலே தளர்ந்து கிடக்கும் பரல். சக்கரம் பரலில் உருண்டு கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் போய்த் தானே நேராகும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அந்த ஆட்டம் உங்கள் தோளுக்கு ஏறி, தோளிலிருந்து திரும்பப் பைக்குக்கே போகும். விரலில் ஒரு முட்டையைப் பிடித்திருப்பதுபோலப் பிடியுங்கள். பிடிமானம் முழுவதும் முழங்காலில், டாங்கியை அணைத்தபடி.

எழும்பி நின்று ஓட்டுங்கள். பாதத்தின் நடுப்பகுதி மிதியில், முழங்கால் லேசாக மடிந்து, முழங்கை வெளியே. உங்கள் எடை சீட்டிலிருந்து மிதிக்கு இறங்கிவிடும், பைக் உங்களுக்குக் கீழே தன் இஷ்டத்துக்கு ஆடலாம். நின்றபடி ஹேண்டிலுக்குக் குனிய வேண்டியிருந்தால் ஹேண்டிலின் கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னே சுழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் பலர் முதுகுவலி என்று நிற்பதையே விட்டுவிடுகிறார்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை, வளைவுக்குள் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். முன் பிரேக்கை ஒரு விரலால் மெல்ல அமுக்கி வரலாம். அதைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். கிரவலில்கூட நிறுத்துகிற வலு கூடுதலாக முன்னால்தான் இருக்கிறது. பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) அணைக்கும் வசதி இருந்தால் கிரவலில் அணைத்துவிடுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளட்டும். கண் ஐந்தாறு பைக் நீளத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கிற கல்லைப் பார்த்தால் அந்தக் கல்லிலேயே ஏறுவீர்கள்.

டயரில் காற்றைக் குறைப்பது பாதி வேலை. தார் வீதியில் 36 பிஎஸ்ஐ என்றால் கிரவலுக்கு 28க்கு இறக்குகிறேன். டயர் கொஞ்சம் தட்டையாகி மண்ணைப் பிடிக்கும். அதைவிடக் குறைத்தால் கூர்க்கல் ஒன்றில் ரிம் அடிபடும். தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடியுங்கள். அதற்குத்தான் பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் வேண்டும் என்கிறேன்.

மழை பெய்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிற செம்மண்ணில் மட்டும் இது ஒன்றும் உதவாது. டயரின் வெட்டுகளுக்குள் மண் அப்பி, வழவழவென்று ஆகிவிடும். எங்கேயாவது ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

செயினா, ஷாஃப்டா? – வாசகர், மட்டக்களப்பு

ஷாஃப்ட் என்றால் செயினுக்குப் பதிலாக, மூடிய குழாய்க்குள் சுழன்று பின் சக்கரத்தை ஓட்டும் தண்டு. அதற்குள் தூசி, மழை, உப்பு எளிதில் போகாது, செயின் மாதிரி அடிக்கடி எண்ணெய் போடும் வேலையும் இல்லை. ஆனால் எடை கூடும், பழுதானால் கொழும்புக்குத்தான் கொண்டுவர வேண்டும். செயின் என்றால் உங்கள் ஊரிலேயே மாற்றலாம். 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுங்கள், கிரவலில் ஓடிய நாளில் அன்றைக்கே போடுங்கள். எனக்குச் செயின்.

பழைய பெரிய பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், கொட்டாஞ்சேனை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த பைக்குகளே கை மாறிக் கை மாறி ஓடின. அசல் பாகம் வராத காலத்தில் எதை எதையோ மாட்டி ஓட்டியிருப்பார்கள். அதனால் கண்ணுக்குத் தெரிகிற பளபளப்பை நம்பாதீர்கள்.

நான் முதலில் வாங்கிய பெரிய பைக்கை அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். விற்றவர் டாங்கிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார். ஏன் அடித்தார் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து முன் டயரை மாற்றக் கழற்றியபோது, ரிம் ஒரு பக்கம் உள்வாங்கி, சுத்தியலால் தட்டி நேராக்கிய தடம் தெரிந்தது. அந்த ரிம்முக்கு நான் கொடுத்த காசு இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு சின்ன ஸ்பானரை எடுத்து, கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டுங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்று பாடும். தளர்ந்தது ‘டக்’ என்று செத்த சத்தம் தரும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு கம்பி செத்திருந்தால் அந்தச் சக்கரம் எங்கேயோ பலமாக அடிவாங்கியிருக்கிறது. பிறகு நடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவர் அமுக்க, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்புங்கள். நடுவில் வந்து ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றால் தலைப் பெயாரிங் போய்விட்டது. முன் ஃபோர்க் குழாயில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையம் கட்டியிருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பாருங்கள், சீல் ஒழுகுகிறதா என்று அது சொல்லும். அடிக்காப்புத் தகட்டையும் விடாதீர்கள். குனிந்து பாருங்கள், சிராய்ப்பு இருந்தால் பரவாயில்லை, நெளிந்து எஞ்சினைத் தொட்டிருந்தால் வேண்டாம்.

கடதாசி விஷயத்தில் கொஞ்சமும் இளகாதீர்கள். சட்டகத்தில் அடித்திருக்கும் செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் டோர்ச் பிடித்துப் பைக்கின் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அப்படியே எழும்பி வந்துவிடுங்கள். விற்பவர் பெயரில் புத்தகம் இல்லாமல், முந்தின ஆள் கையெழுத்து வைத்த ‘ஓப்பன் பேப்பர்’ என்றால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, காசு கொடுக்கும் முன்னால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். சக்கரப் பெயாரிங், சீல் போன்றவை இலக்கத்தையும் அளவையும் சொன்னால் கிடைக்கும். கிளட்ச் லீவர், ரேடியேட்டர், முன் ரிம், ஏபிஎஸ் சென்சர் இந்த நான்கும் அந்த பைக்குக்கு என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். விழுந்தால் முதலில் போகிறவை அவைதான்.

மன்னார் வழியாக யாழ்ப்பாணம் போக நினைக்கிறேன். பெற்றோல், காற்று இரண்டையும் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? – வாசகர், தெமட்டகொட

காற்று உண்மை. மன்னாரிலிருந்து பூநகரி போகும் ஏ32 இப்போது நல்ல தார் வீதி. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கடல் பக்கமிருந்து இடது தோளில் ஓயாமல் அடிக்கும். உயர்ந்த கண்ணாடியும் பக்கப் பெட்டியும் பாய் விரித்த மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, கையைத் தளர்த்தி, பைக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே ஓட விடுங்கள். லொறி ஒன்று எதிரே கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று திரும்ப அடிக்கும், அந்த நொடிக்கு ஆயத்தமாக இருங்கள். மன்னாரில் கழுதைகளும் வீதியில் நிற்கும். ஹோர்னுக்கு அவை விலகுவதில்லை.

பெற்றோலுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். என் பைக்கின் டாங்கி 20 லீற்றர், லீற்றருக்கு 23 கிலோமீற்றர் தருகிறது. மன்னாரில் நிரப்பினால் யாழ்ப்பாணம் போய் மிஞ்சும். ஒக்டேன் 95 தரப் பெற்றோல் கட்டாயம் என்று உங்கள் பைக்கின் கைநூலில் இருந்தால் மட்டும் பெரிய ஊர்களிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளூர் நிலையங்களில் 92ஐ எதிர்பார்த்துப் போவது நல்லது. 2022 ஜூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில், கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். என் வி-ஸ்ட்ரோம் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. அந்த நாட்களில் என்னைக் கொண்டு திரிந்தது பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஹாதான். இன்றைக்கும் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

என் மகனுக்கு 22 வயது. 1000 சிசி பைக் வேண்டும் என்று நிற்கிறான். வேண்டாம் என்றால் முகம் கொடுத்துக் கதைக்கிறான் இல்லை. என்ன சொல்வது? – ஒரு தாய், ஹெந்தளை

அம்மா, உங்கள் பயம் சரியான பயம். அதை மகனிடம் மறைக்க வேண்டாம். ஆனால் ‘பைக்கே வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள், அவன் யாருடையதையாவது கேட்டு வாங்கி ஓட்டுவான். முதலில் 200, 250 சிசியில் இரண்டு வருடம் என்று சொல்லுங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ஒன்று போதும், இல்லையென்றால் நன்றாகப் பராமரித்த பழைய ஜப்பான் பைக், ஏஎக்ஸ்-1, பாஹா மாதிரி. கிரவல் பழகுவதற்கு அவற்றைவிட நல்ல வாத்தியார் இல்லை. விழுந்தால் அவனே தூக்கி ஏறி வந்துவிடுவான்.

பைக்குக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து நல்ல ஹெல்மெட், முழங்கையும் தோளும் காக்கும் ஜாக்கெட், கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் சப்பாத்து என்று வாங்கிவிடுங்கள். பெரிய பைக் சரியும்போது அடியில் சிக்குவது கால்தான், செருப்போடு ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

நீங்கள் ஹெந்தளை, நான் வத்தளை. பக்கம்தானே. பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிவிட்டு ஒரு ஞாயிறு காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முற்றத்துப் புல்லில் என் வி-ஸ்ட்ரோமை மெல்லப் படுக்க வைக்கிறேன். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் பக்க ஸ்டாண்டை விரித்துவிட்டு, ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுதாகத் திருப்பி, சீட்டுக்கு முதுகு கொடுத்துக் குந்தி, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் பிடியில் வைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து தூக்குவது எப்படி என்று காட்டித் தருகிறேன். முதலில் நான் தூக்குகிறேன். பிறகு அவன் தூக்கட்டும். மூன்று தடவை தொடர்ந்து தூக்கட்டும். அதற்குப் பிறகு 1000 சிசியைப் பற்றி நாங்கள் மூன்று பேருமாக உட்கார்ந்து கதைப்போம்.